நேபாளத்தில் ட்ரெக்கிங் போக மலையேறத் தெரிந்திருக்க வேண்டுமா?

நேபாள ட்ரெக்கிங் பற்றிச் சுவையான தகவல்கள் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் அடியில் இன்னும் சில வரிகள் எழுதியிருக்கிறீர்கள்: மலையேறிப் பழக்கமில்லை, தினமும் காலையில் ஓடுகிற வழக்கம் உண்டு, எட்டு நாள் விடுப்பு கிடைக்கும், அதற்குள் எவரெஸ்ட் அடிவார முகாமைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா என்று. உங்கள் உண்மையான கேள்வி அந்த வரிகளில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். கால் பலம் போதுமா என்றால், போதும். எட்டு நாள் போதுமா என்றால், போதாது. ஏன் போதாது என்று சொல்லப்போனால் நீங்கள் கேட்ட சுவையான தகவல்களில் பாதி அதற்குள்ளேயே வந்துவிடும். சமவெளியிலிருந்து வரும் குழுக்களை நேபாள மலைகளுக்கு அழைத்துப்போவது பல வருடங்களாக என் வேலை. மலைப்பகுதி முதலுதவியில் பயிற்சி பெற்றவன், மருத்துவன் அல்லன். கும்பு (எவரெஸ்ட் இருக்கும் பகுதி), அன்னபூர்ணா, லாங்டாங் ஆகிய மூன்று பகுதிகளில் கண்டதையும் கற்றதையும் வைத்தே சொல்கிறேன். டோல்போவும் மேற்குக் கோடியும் எனக்குப் பழக்கமில்லாத பகுதிகள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கயிறு, பனிக்கோடரி, ஆக்சிஜன் உருளை இதெல்லாம் சிகரம் ஏறுகிறவர்களுக்கு. ட்ரெக்கிங் என்பது ஊருக்கு ஊர் நடப்பது. நீங்கள் நடக்கப்போகிற பாதையில்தான் பள்ளிப் பிள்ளைகள் போவார்கள், அரிசி மூட்டை போகும், கல்யாண ஊர்வலம் போகும். இந்தப் பாதைகளில் பல சுற்றுலாவுக்காக வெட்டப்பட்டவை அல்ல. உப்பும் தானியமும் திபெத்துக்கும் நேபாளத்துக்கும் இடையே கைமாறிய காலத்துப் பாதைகள். 1953இல் ஹிலாரியும் டென்சிங்கும் இருந்த அணி காத்மாண்டுப் பள்ளத்தாக்கிலிருந்து கும்புவரை இரண்டு வாரத்துக்கு மேல் நடந்துதான் போனது. அந்த நடையையே தனிப் பயணமாக விற்கலாம் என்று கண்டவர் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற முன்னாள் கூர்க்காப் படை அதிகாரி. 1964இல் அவர் தொடங்கிய நிறுவனத்திலிருந்துதான் நேபாளத்தின் ட்ரெக்கிங் தொழில் பிறந்தது. இன்று வழிநெடுக டீ ஹவுஸ் என்று சொல்லப்படும் விடுதிகள் இருக்கின்றன. படுக்க இடம், சுடச்சுட தால் பாத் என்ற பருப்புச் சோறு, சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் ஓர் அடுப்பு. மேலே போகப் போக விலை ஏறும். காரணம் எளிது: அங்கே இருக்கும் ஒவ்வொரு முட்டையும் யாரோ ஒருவர் முதுகிலோ, கோவேறுகழுதை மீதோ, யாக் மீதோ வந்திருக்கிறது.

அப்படியானால் சிரமம் எங்கே? காற்றில். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எவரெஸ்ட் உச்சியிலும் கிட்டத்தட்ட 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். சுமார் 5500 மீட்டர் உயரத்தில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியாகிவிடும். எவரெஸ்ட் அடிவார முகாம் 5364 மீட்டரில் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு மூச்சிலும் உங்களுக்குக் கிடைப்பது ஊரில் கிடைப்பதில் பாதியைக் கொஞ்சம் தாண்டிய அளவு. உடம்பு இதைச் சமாளிக்கும், ஆனால் தன் வேகத்தில்தான் சமாளிக்கும். முதலில் மூச்சு ஆழமாகும். அதனால் கரியமில வாயு அதிகம் வெளியேறி இரத்தம் காரத்தன்மை பெறும். அந்தக் காரத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிச் சரிசெய்யச் சில நாள் ஆகும். சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கு ஆகும். இரவில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் பத்துப் பதினைந்து நொடி மூச்சே விடாமல் கிடந்து, பிறகு திடீரென்று பலமாக இழுத்து மூச்சு விடுவார். முதல்முறை பார்க்கிறவர்கள் பயந்துபோய் என்னை எழுப்புவார்கள். அது அந்த உயரத்தில் பெரும்பாலோருக்கு நடப்பது. அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

உங்கள் ஓட்டப் பயிற்சி இங்கே எவ்வளவு உதவும்? ஏற்றத்தில் கால் வலிக்காமல் இருக்க உதவும். உயரத்துக்கு உடம்பு பழகும் முன் ஏறிவிடுவதால் வரும் உயர நோயைத் தடுக்க உதவாது. இது ஐயமே இல்லாத விஷயம். பீட்டர் ஹாக்கெட், ட்ரமண்ட் ரென்னி என்ற இரண்டு மருத்துவர்கள் 1975இல் எவரெஸ்ட் பாதையில் 4243 மீட்டரில் உள்ள பெரிச்சே ஊரில் அமர்ந்து, வந்துபோன 278 நடைபயணிகளைச் சோதித்தார்கள். 53 விழுக்காட்டினருக்கு உயர நோயின் அறிகுறி இருந்தது. வயது குறைந்தவர்களிடம் அது அதிகமாக இருந்தது. லுக்லாவுக்கு விமானத்தில் வந்து இறங்கியவர்களிடம், கீழிருந்து நடந்து வந்தவர்களைவிட அதிகமாக இருந்தது. என் குழுக்களிலும் முதலில் தலைவலி என்று உட்காருகிறவர் பெரும்பாலும் நல்ல உடற்கட்டுள்ள இளைஞர்தான். கால் கெஞ்சாததால் அவர் வேகமாகப் போய்விடுகிறார். உடம்பின் உள்வேலை அவருக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருக்கிறது. யாருக்கு வரும், யாருக்கு வராது என்று முன்கூட்டியே சொல்லக்கூடிய நம்பகமான சோதனை இன்றுவரை இல்லை. முன்பு ஒருமுறை உயரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்பதுதான் ஓரளவு உதவும் தகவல். உங்களுக்கு அதுவும் கிடையாது.

லுக்லா விமான நிலையத்தின் கதை இதோடு சேர்ந்தது. ஷெர்பா ஊர்களில் பள்ளிகளும் மருத்துவமனையும் கட்ட ஹிலாரி இறங்கியபோது, கட்டுமானப் பொருள்களைக் கொண்டுவர ஓர் ஓடுதளம் தேவைப்பட்டது. 1964இல் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஒரு மலைச்சரிவில் அதை அமைத்தார். நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. தளமே 11 விழுக்காட்டுக்கு மேல் சரிவாக இருப்பதால், இறங்கும் விமானம் மேட்டில் ஏறி வேகம் குறைகிறது, கிளம்பும் விமானம் பள்ளத்தில் ஓடி வேகம் பிடிக்கிறது. சிமெண்டுக்கும் தகரத்துக்கும் என்று போட்ட தளம், மலைநடையின் வேகத்தையே மாற்றிவிட்டது. காலையில் 1400 மீட்டரில் காத்மாண்டு, அரை மணி நேரத்தில் 2800 மீட்டருக்கு மேல் லுக்லா. மேகம் சூழ்ந்தால் விமானம் கிடையாது; இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ரத்தாவதும் நடக்கும். பயணிகள் நெரிசல் உள்ள மாதங்களில் பல விமானங்கள் காத்மாண்டுக்குப் பதில் ராமேச்சாப்பிலிருந்து கிளம்புகின்றன. அதற்கு நள்ளிரவில் எழுந்து நாலைந்து மணி நேரம் சாலையில் போக வேண்டும். எட்டு நாள் கணக்கில் இதெல்லாம் எங்கே அடங்கும்?

மருத்துவ அமைப்புகள் சொல்லும் விதி இது: 3000 மீட்டருக்கு மேல் போனபின், ஓர் இரவு தூங்கும் இடத்துக்கும் மறு இரவு தூங்கும் இடத்துக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் வந்தாலும் பரவாயில்லை, தூங்கும் உயரம்தான் கணக்கு. வழியில் இரவு தங்கும் ஊர்களின் உயரத்தை நாம்சே 3440 மீட்டர், டிங்போச்சே 4410, லொபுச்சே 4940, கோரக்ஷெப் 5164 என்று அடுக்கிப்பார்த்தால், லுக்லாவிலிருந்து போய்த் திரும்ப 12 நாளாவது வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். அதை எட்டு நாளில் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர், பெரும்பாலும் திரும்புகையில் ஹெலிகாப்டரில் ஏற்றிவிடுவதை நம்பித்தான் சொல்கிறார். ஏறும் நாள்களைச் சுருக்காமல் இறங்குவதற்கு மட்டும் ஹெலிகாப்டர் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏறுவதைச் சுருக்கினால் கட்டாயம் உண்டு.

தலைவலி, குமட்டல், பசியின்மை, அசதி என்று தொடங்கினால் அங்கேயே நிற்க வேண்டும். குணமாகாமல் மேலே ஓர் அடிகூட வைக்கக் கூடாது. ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோர்க்கிறது என்று கொள்ளுங்கள். குதிகாலை மறுகாலின் கட்டைவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று கொள்ளுங்கள். இரண்டுக்கும் மருந்து இறங்குவதுதான், நள்ளிரவானாலும். தனியாக அனுப்பக் கூடாது. அசெட்டசோலமைடு என்ற மாத்திரை சிறுநீரகம் செய்யும் அந்தச் சரிக்கட்டும் வேலையை விரைவுபடுத்துகிறது. அது அறிகுறிகளை மறைத்துவிடும் என்ற பேச்சு தவறு. ஆனால் உங்களுக்கு அது வேண்டுமா, எவ்வளவு வேண்டும், சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்பதையெல்லாம் ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். பூண்டு சூப் குடித்தால் உயர நோய் வராது என்று ஒவ்வொரு விடுதியிலும் சொல்வார்கள். நானும் விரும்பிக் குடிப்பேன், குளிருக்கு இதம். நோயைத் தடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. தண்ணீரும் அப்படியே. உடம்பு வறளாமல் பார்த்துக்கொள்வது அவசியம், குடம் குடமாகக் குடிப்பதால் உயர நோய் தடைபடாது. பெரிச்சேயிலும் அன்னபூர்ணா பகுதியின் மனாங்கிலும், 1973இல் தொடங்கப்பட்ட இமயமலை மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையங்கள் பருவகாலத்தில் இயங்கும். பிற்பகலில் அங்கே மருத்துவர்கள் உயர நோய் பற்றிப் பேசுவார்கள். என் குழுவில் எவரும் அதைத் தவறவிட நான் அனுமதிப்பதில்லை.

நம்மவர்கள் அதிகம் போகிற வேறு இரண்டு இடங்களைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். லாங்டாங் பகுதியில் 4380 மீட்டரில் கோசாயின்குண்டம் என்ற புனித ஏரி இருக்கிறது. நம் ஆவணி அவிட்டப் பௌர்ணமியை நேபாளிகள் ஜனை பூர்ணிமா என்று கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு அங்கே நீராட ஆயிரக்கணக்கானோர் ஏறுகிறார்கள். புத்த பஸ்நியாத் என்ற நேபாள மருத்துவரின் குழு அந்த யாத்திரிகர்களை ஆராய்ந்தபோது, சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உயர நோய் இருந்தது கண்டறியப்பட்டது. ஓரிரு நாளில் ஏறுவதும், சிலர் விரதம் இருப்பதும் வழக்கம். இன்னோர் இடம் முக்திநாத். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுவே என்று கொண்டு, 108 திவ்ய தேசங்களில் ஒன்றாக நம் வைணவர்கள் போகிறார்கள். பாடல் பெற்ற தலம் கண்டகி ஆற்றங்கரையில் வேறோர் இடம் என்று கருதுகிறவர்களும் உண்டு. அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. எனக்குத் தெரிந்தது உயரம். பொக்காரா சுமார் 820 மீட்டர், முக்திநாத் ஏறத்தாழ 3750 மீட்டர். ஜீப்பிலோ ஹெலிகாப்டரிலோ அறுபது எழுபது வயதுப் பெரியவர்களை ஒரே நாளில் அங்கே கொண்டுபோய் இறக்குகிறார்கள். நடந்து போகிறவர்களைவிட எனக்கு அவர்களைப் பற்றித்தான் கவலை. வீட்டுப் பெரியவர்கள் போவதாக இருந்தால், ஜோம்சோம் பக்கம் 2700 மீட்டரில் ஓர் இரவாவது தங்க வையுங்கள். முக்திநாத்தில் இரவு தங்காமல் தரிசனம் முடிந்ததும் கீழே அழைத்து வாருங்கள்.

அடுத்து, சுமை தூக்குகிறவர்கள். மலையில் பை தூக்கி வருகிற எல்லோரையும் ஷெர்பா என்று அழைப்பது வழக்கமாகிவிட்டது. ஷெர்பா என்பது ஓர் இனம். அவர்களில் பலர் இன்று விடுதி உரிமையாளர்கள், வழிகாட்டிகள், விமானிகள். சுமை தூக்கி வருகிறவர்களில் பெரும்பாலோர் ராய், தமாங், மகர் போன்ற சமூகத்தினர், தாழ்ந்த மலைகளின் விவசாயிகள். இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. திபெத்தியர்களிடமும் ஷெர்பாக்களிடமும், குறைந்த ஆக்சிஜனிலும் இரத்தம் தடித்துப்போகாமல் காக்கும் ஒரு மரபணு வகை பரவலாக இருக்கிறது. அது டெனிசோவன் என்ற அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்தது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. 1500 மீட்டர் உயரத்து ஊரிலிருந்து வந்த தமாங் இளைஞருக்கு அந்தப் பாதுகாப்பை எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கு எப்படி நோய் வருமோ அப்படித்தான் அவருக்கும் வரும். ஆனால் கூலி போய்விடுமோ என்று வெளியே சொல்ல மாட்டார்.

அவர்கள் தூக்கும் திறன் நம்ப முடியாதது. நாம்சே சந்தைக்குப் போகும் பாதையில் சுமைகாரர்களை எடைபோட்டு 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காடும் பெண்கள் 66 விழுக்காடும் சுமந்திருந்தார்கள். டோக்கோ என்ற மூங்கில் கூடை, நெற்றியில் தாங்கும் நாம்லோ என்ற பட்டை, நின்றபடியே கூடையைத் தாங்கவைக்கும் குட்டையான டோக்மா என்ற கோல், இவைதான் கருவிகள். அதே சுமைக்கு ஐரோப்பியர்கள் செலவிடும் சக்தியைவிடக் குறைவாகவே இவர்கள் செலவிட்டார்கள் என்றும் அந்த ஆய்வு அளந்தது. மிக மெதுவாக நடந்து, அடிக்கடி நின்று, நாள் முழுக்க நடப்பது அவர்கள் வழி. சந்தைச் சுமைக்குக் கிலோ கணக்கில் கூலி என்பதால் வரம்பு இல்லாமல் தூக்குகிறார்கள். உங்கள் பையைத் தூக்கும் போர்ட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் கூடாது என்பது போர்ட்டர் நலனுக்காகப் பேசும் அமைப்புகளின் வரையறை. நிறுவனத்தை அமர்த்தும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: போர்ட்டருக்குக் காப்பீடு உண்டா? கம்பளி உடுப்பும் நல்ல காலணியும் இருக்கிறதா? அவர் இரவில் எங்கே தூங்குவார்? மழுப்பினால் வேறு நிறுவனம் பாருங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை அக்டோபர், நவம்பர் முதல் தேர்வு. மார்ச் முதல் மே வரை இரண்டாவது. மழைக்காலத்தில் போகலாமா என்பது எந்த மலைக்கு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. பொக்காராவை அடுத்த லும்லேயில் ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அன்னபூர்ணா மலைத்தொடரைத் தாண்டி ஜோம்சோம் போனால் 300 மில்லிமீட்டர் அளவுதான்; மேகங்களை மலைச்சுவர் மறித்துவிடுகிறது. அதனால் ஜோம்சோம் இருக்கும் முஸ்டாங் பகுதிக்கு ஜூலையில்கூடப் போகிறார்கள். அந்தக் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் தினமும் முற்பகலுக்குப் பிறகு தெற்கிலிருந்து மேல்நோக்கிப் பேய்க்காற்று வீசும். ஜோம்சோம் விமானங்கள் காலையிலேயே பறந்து முடிப்பது இதனால்தான். நல்ல பருவமும் ஏமாற்றக்கூடும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் வடக்கே ஏறி, 14ஆம் தேதி 5416 மீட்டர் உயரத் தோரோங் லா கணவாய்ப் பகுதியில் பெரும் பனியைக் கொட்டியது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிலிருந்து வங்கக்கடல் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் நான் எந்தக் குழுவையும் கணவாய்க்குக் கூட்டிப்போவதில்லை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றால் நாம் கடற்கரை ஊர்களை நினைப்போம். இரண்டு நாள் கழித்து இமயத்தில் என்ன ஆகும் என்பதையும் நினைக்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது. முன்னால் நிற்கும் மலைத்தோள்கள் மறைத்துவிடும். உச்சியைப் பார்க்கப் பக்கத்திலுள்ள காலாபத்தர் மேட்டுக்கு ஏற வேண்டும். அந்த உச்சியின் பாறை 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட கடலடிச் சுண்ணாம்புக்கல்; கடல் உயிர்களின் எச்சம் அதில் இருக்கிறது. கோரக்ஷெப்பில் தண்ணீர் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதில் சோறு வேகப் பிரஷர் குக்கர் வேண்டும், ஆனால் கிருமி சாக அந்தக் கொதி போதும். எதிரே யாக்கோ கோவேறுகழுதையோ வந்தால் மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் நிற்காதீர்கள். மந்திரம் செதுக்கிய மணிச் சுவர்கள் உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள். கும்புவில் உள்ள கும்ஜுங் மடத்தில், கதைகளில் வரும் பனிமனிதனான எட்டியின் மண்டைத்தோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஹிலாரி 1960இல் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தபோது, அது செரோ என்ற மலையாட்டின் தோலால் செய்யப்பட்டது என்று அறிஞர்கள் முடிவு சொன்னார்கள். மடத்தில் இன்றும் அதை மரியாதையோடு வைத்திருக்கிறார்கள், மரியாதையோடுதான் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் எட்டு நாள். காத்மாண்டு போய்வரும் நாள்களும் அதில் அடக்கம் என்றால், பொக்காராவிலிருந்து கோரேபானி வழியாகப் பூன் ஹில் என்ற மேட்டுக்குப் போய் வாருங்கள். உயரம் 3210 மீட்டர்தான். தௌலகிரியும் அன்னபூர்ணாவும் கண்ணெதிரே நிற்கும். இன்னும் இரண்டு மூன்று நாள் கூட்ட முடிந்தால் லாங்டாங் போங்கள் என்பேன். விமானத்தை நம்ப வேண்டியதில்லை; காத்மாண்டிலிருந்து ஒரு பகல் சாலைப் பயணத்தில் சியாப்ருபேசி, அங்கிருந்து நடை. லாமா ஹோட்டல் என்ற இடத்திலிருந்து லாங்டாங் ஊருக்கு ஒரே நாளில் 1000 மீட்டர் ஏறுவது பலருக்கு வழக்கம். நான் நடுவில் கோடா தபேலாவில் ஓர் இரவு நிறுத்துவேன். 3870 மீட்டரில் உள்ள கியாஞ்சின் கோம்பாவில் இரண்டு இரவு. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சரிந்த பனியும் பாறையும் பழைய லாங்டாங் ஊரை முழுவதுமாக மூடிவிட்டன. பிழைத்தவர்கள் அருகிலேயே மீண்டும் கட்டி விடுதி நடத்துகிறார்கள். அவர்கள் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்ததைச் சாப்பிடுவது அவர்களுக்கு நேரடியாகப் போய்ச் சேரும் உதவி.

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ கட்டாயம். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குக் குறைவு, கேட்டு வாங்குங்கள். 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது என்று விதி வந்தது. கும்புவின் உள்ளூராட்சி அதை ஏற்காமல் தனி அனுமதிமுறை வைத்திருக்கிறது. இந்த விதிகள் அடிக்கடி மாறுபவை, கிளம்பும் முன் நேபாள சுற்றுலா வாரியத்திடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்ற இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். பல பத்திரங்கள் 4000 மீட்டரை ஒட்டியே நின்றுவிடும். விடுப்பு எந்த மாதம், கூட யார் வருகிறார்கள் என்று எழுதினால் நாள்வாரியான திட்டம் போட்டுத் தருகிறேன்.